முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்

அந்த வழக்கு என் பெயரோடு ஒட்டிக்கொள்வதற்கு முன்பு நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் பிறந்து அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவன். நகரின் பழைய கல்லூரி ஒன்றில் முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் தாவரவியல் கற்பித்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன். விடைத்தாள் திருத்தியதில் யாருடைய சிபாரிசுக்காகவும் ஒரு மதிப்பெண்ணை ஏற்றியதுமில்லை, இறக்கியதுமில்லை. அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் உரிமையாளர் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கியபோது போட்டி இருக்கவில்லை. நான் அந்தப் பொறுப்பைக் கேட்கவும் இல்லை. வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டார்கள். என் பெயரைச் சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டதில்லை.

இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் எழுத எடுத்துக்கொண்டது என்னைப் பற்றி அல்ல, எனக்காக வழக்காடிய ஒரு வக்கீல் அம்மையாரைப் பற்றி. ஆனால் அந்த அம்மையார் எனக்குப் பெற்றுத் தந்தது எது, பெற்றுத் தராதது எது என்று விளங்க வேண்டுமானால், நான் இழப்பதற்கு என்ன வைத்திருந்தேன் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அவருடைய அலுவலகம் தியாகராய நகரில், உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. கீழே யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே பேச்சு நின்றுவிடும். ஒரு மேசை, ஒரு டைப் அடிக்கும் கணினி, என் வயதையொத்த ஒரு குமாஸ்தா. சட்டப் புத்தகங்கள் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. அந்த அலமாரி திறந்து நான் பார்த்ததில்லை.

ஒரு வழக்கில் ஒரு தரப்பு வராமல் போனால், வந்த தரப்பை மட்டும் கேட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிடும். அதற்கு ஒருதலைத் தீர்ப்பு என்று பெயர்; வக்கீல்கள் எக்ஸ்பார்ட்டி என்பார்கள். வராமல் போனதற்குத் தக்க காரணத்தைக் காட்டினால், அதே நீதிமன்றம் தான் அளித்த தீர்ப்பைத் தானே நீக்கிவிடும்; இதற்கு செட் அசைட் என்று பெயர். வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த அம்மையார் ஏறத்தாழ இந்த ஒரு வேலையை மட்டுமே செய்துவந்தார். வக்கீலாக இருந்த என் பழைய மாணவன் ஒருவன்தான் என்னை அங்கே அனுப்பினான். “சார், எக்ஸ்பார்ட்டியை எடுக்கணும்னா அந்த மேடம் தவிர வேற யார்கிட்டயும் போகாதீங்க. எடுத்துட்டுத்தான் மூச்சு விடுவாங்க” என்றான்.

எனக்கெதிரான தீர்ப்பின் நகலை உறையிலிருந்து எடுத்து அவர் முன் வைத்தேன். பதினொரு பக்கம். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். பத்துப் பக்கத்தை ஒரு கொத்தாகப் பிடித்துப் புரட்டிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மூடி என்னிடமே தள்ளினார்.

“உங்களைக் கேட்டாங்களா சார்?”

“என்ன கேட்டார்களா என்கிறீர்கள்?”

“ஜட்ஜ் உங்க தரப்பைக் கேட்டாரா? கேக்கலை, இல்ல? போதும். எடுத்துடலாம்.”

“அம்மா, நீங்கள் இன்னும் தீர்ப்பைப் படிக்கவில்லை. ஏழாம் பத்தியைப் படியுங்கள். அதில்தான்…”

“அது எதுக்கு சார்? எடுத்துடப் போறோம். எடுத்துட்டா ஏழாவது பாராவும் போச்சு, எட்டாவது பாராவும் போச்சு. போகப் போறதை எதுக்குப் படிக்கணும்?”

அன்று தொடங்கிய எரிச்சல் இந்த வரியை எழுதும்வரை அடங்கவில்லை.

ஏழாம் பத்தியில் இருந்தது இது: “இரண்டாம் பிரதிவாதி, தலைவர் என்ற பொறுப்பைத் தன் சொந்த வசதிக்குப் பயன்படுத்தி, அனைவருக்கும் உரிய மொட்டை மாடியைத் தன் தோட்டமாக்கிக்கொள்ளும் உள்நோக்கத்துடன் பூட்டி வைத்தார் என்பது மெய்ப்பிக்கப்படுகிறது.” இரண்டாம் பிரதிவாதி நான். முதலாம் பிரதிவாதி சங்கம்; சங்கத்தைப் பற்றி ஒரு கடுஞ்சொல்கூட இல்லை.

நடந்தது என்னவென்றால், எங்கள் கட்டடத்தில் ஒரு குழந்தை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிவிட்டது. மூடி திறந்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆகியிருக்கும். நிர்வாகக் குழு கூடி, மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலைவரிடம் வைப்பதென முடிவு செய்தது. என் பூந்தொட்டிகள் மாடியில் இருந்தது உண்மை. பூட்டு வருவதற்கு முன்பிருந்தே அவை அங்கே இருந்தன என்பதும் உண்மை. இரண்டாம் மாடியில் இருந்தவர் தி. நகரில் ஜவுளிக்கடை நடத்துபவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோடையில் அவர் மனைவிக்கு வற்றல் காயவைக்க மாடி தேவைப்பட்டது. காலையில் வந்து சாவியை வாங்கிப் போய் மாலையில் திருப்பித் தரலாம் என்றேன். தினமும் வந்து வாங்குவது அவருக்கு இழிவாகப் பட்டது.

“சாவியக் கேட்டா சட்டம் பேசுதீங்களே ஐயா. சரி, சட்டத்தையே கேட்டுப் பாத்துருவோம்” என்றார். லிஃப்டுக்குக் காத்திருந்தபோது சொன்னது. நான் அதை வாய்ப்பேச்சு என்றே நினைத்தேன்.

பிறகு மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் கோயம்புத்தூரில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. அவர் வழக்குப் போட, எனக்கும், தலைவர் என்பதால் சங்கத்துக்கும் சேர்த்து என் முகவரிக்கே தபாலில் வந்த சம்மன் வீடு பூட்டியிருப்பதாகத் திரும்பிப் போயிருக்கிறது. நீதிமன்ற ஊழியர் வந்து அதன் நகலை எங்கள் வாசற்கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். சட்டப்படி அது என் கையில் கொடுத்ததற்குச் சமம். அப்போது கட்டடத்துக்கு வண்ணம் பூசும் வேலை நடந்துகொண்டிருந்தது. புறப்படுமுன் அந்த வேலைக்கு உத்தரவிட்டவன் நான்தான். பெயிண்டர் கதவிலிருந்த காகிதத்தை உரித்துப் போட்டுவிட்டு வண்ணம் அடித்துவிட்டார். ஊரிலிருந்து திரும்பியபோது கதவு பளபளவென்றிருந்தது. என் மனைவி அதைத் தொட்டுப் பார்த்து, “நல்லா அடிச்சிருக்கான்” என்றாள்.

ஜவுளிக்கடைக்காரர் அதற்குப் பிறகும் லிஃப்டில் என்னைப் பார்த்தபோதெல்லாம் வணக்கம் சொன்னார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாள் காலை நடைக்காகக் கீழே இறங்கினேன். அறிவிப்புப் பலகை முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். பதினொரு பக்கத் தீர்ப்பும் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தது. யாரோ ஏழாம் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

இவ்வளவையும் அந்த அம்மையாரிடம் நான் சொல்லத் தொடங்கியபோது, முதலில் சொன்ன சம்மனையும் பெயிண்டரையும் கேட்டுக்கொண்டார். வற்றல் வந்ததும் கையை உயர்த்தினார்.

“சார், நீங்க பூட்டினது சரியா தப்பானு எனக்குத் தெரிய வேணாம்.”

“தெரியாமல் எப்படி எனக்காக வாதாடுவீர்கள்?”

“தெரிஞ்சா ஒரு பக்கம் சாஞ்சுடுவேன் சார். ஆரம்பத்துல எல்லாத்தையும் படிப்பேன். படிச்சு, கோவம் வந்து, கோவத்துல பேசி, ஜட்ஜுக்கும் கோவம் வந்து… இப்ப முதல் பக்கம், கடைசிப் பக்கம். அவ்வளவுதான்.”

இது வழக்குக் கட்டுகளோடு நிற்கும் பழக்கம் அல்ல. அந்த அம்மையாரிடம் எதுவுமே முடிந்துபோன முடிவாக இருந்ததில்லை. குமாஸ்தாவை நான் அறிந்து பலமுறை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறார். ஒருமுறை நான் இருக்கும்போதே ஒரு கட்டு காணாமற்போய், “கிளம்புங்க. நாளைலேருந்து வராதீங்க” என்றார். குமாஸ்தா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். சற்று நேரம் கழித்து அம்மையார் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“ஏங்க, மேல வாங்க. உங்களைக் கேட்டேனா நான்? கேக்காமதானே போகச் சொன்னேன்? அது செல்லாது. கட்டு எங்க போச்சுனு இப்ப சொல்லுங்க.”

கீழே டீக்கடையில் நின்றிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். “உன் கைப்பைக்குள்ள கீதும்மா. நீயே வச்சுக்கினு என்னிய வெரட்டுற.”

கட்டு கைப்பையில்தான் இருந்தது. அவர் வெட்கப்படவில்லை. “பாத்தீங்களா சார், கேட்டாத்தான் தெரியுது” என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரத்தில், முதலிலேயே பைக்குள் பார்த்திருக்கலாமே என்றும் தோன்றியது.

என் மனுவை அவர் எழுதிய விதத்துக்கு வருகிறேன். இரண்டு மனுக்கள் வேண்டுமாம். தீர்ப்பை நீக்கக் கோருவது ஒன்று; அதை உரிய காலத்துக்குள் கோராததால், தாமதத்தை மன்னிக்கக் கோருவது மற்றொன்று. மன்னிப்பு என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். எனக்குத் தெரிவிக்கப்படாத வழக்கில் தாமதித்ததற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? “உங்களை இல்ல சார், தாமதத்தைத்தான் மன்னிக்கறாங்க. அது பாவம், ஒண்ணும் சொல்லாது” என்றார்.

குமாஸ்தா டைப் செய்து கொண்டுவந்த பிரமாண வாக்குமூலத்தில், மனுதாரர் மஞ்சள் காமாலையால் பீடிக்கப்பட்டு, சொந்த ஊர் சென்று நாட்டு மருந்து உட்கொண்டு, படுத்த படுக்கையாக இருந்தபடியால் நீதிமன்றத்துக்கு வர இயலவில்லை என்று இருந்தது.

“யாருக்கு மஞ்சள் காமாலை?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் அதான் சார்” என்றார் குமாஸ்தா.

“எனக்கு ஆயுளில் காமாலை வந்ததில்லை. என் சொந்த ஊர் மயிலாப்பூர். நாட்டு மருந்து சாப்பிட நான் எந்த ஊருக்குப் போவேன்?”

“மைலாப்பூர்லயே நாட்டு மருந்துக் கடை கீது சார். தெப்பக்குளத்தாண்ட. நல்லாக் குடுப்பாரு.”

அம்மையார் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். “சார், காமாலைனு எழுதினா ஜட்ஜ் அந்த வரியோட நிறுத்திடுவார். அவர் ஆயிரம் காமாலை பாத்தவர். பெயிண்டர் உரிச்சான்னு எழுதினா, எந்தப் பெயிண்டர், கூப்பிடு அவனைம்பார். உண்மைக்கு சாட்சி வேணும். காமாலைக்கு வேணாம்.”

“பொய்யில் கையெழுத்திட மாட்டேன். பொய் சொல்லி நீக்கப்பட்ட தீர்ப்பு என் பெயருக்கு என்ன நன்மை செய்யும்?”

அம்மையார் தாளை வாங்கிக்கொண்டார். கீழே யாரோ குடத்தைத் தட்டினார்கள். பிறகு குமாஸ்தாவிடம், “காமாலையை எடுத்துடுங்க. பெயிண்டரைத் தேடுங்க” என்றார். முகத்தில் சலிப்பு இருந்தாலும் குரலில் ஒரு மரியாதை இருந்தது என்று நான் எண்ணிக்கொண்டேன். எண்ணியது தவறாகவும் இருக்கலாம்.

சைதாப்பேட்டையில் இருந்த அந்தப் பெயிண்டரைச் சங்கத்தின் ஒப்பந்தக்காரர் மூலம் கண்டுபிடித்து அழைத்து வந்தோம். சாட்சிக் கூண்டில் அவர் ஏறி நின்றதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“அது கோர்ட் காகிதம்னு உமக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பேன் சார்? அது மேலயே பெயிண்ட் அடிப்பேனா?”

“சீல் இருந்துதே, பாக்கலையா?”

“சீலு, கோந்து எல்லாம்தான் இருந்துச்சு. பேப்பரு ஒரே இழுப்புல வந்துருச்சு. கோந்துதான் போவமாட்டேன்னு அடம் புடிச்சுச்சு. உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். அரை நாள் வேலை சாமி அது.”

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். அடுத்த வாய்தாவில் இரண்டு மனுக்களும் அனுமதிக்கப்பட்டன, தீர்ப்பு நீக்கப்பட்டது. அந்த உத்தரவு ஒரு பக்கம்கூட இல்லை. காட்டிய காரணம் ஏற்கத்தக்கது, பிரதிவாதிக்கு ஒரு வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்று மட்டும் இருந்தது. ஏழாம் பத்தி பொய் என்று ஒரு சொல் இல்லை. உள்நோக்கம் இல்லை என்றும் இல்லை. நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே நின்று, “இதில் என் பெயரைப் பற்றி ஒன்றுமே இல்லையே” என்றேன்.

“அந்தத் தீர்ப்பே இல்ல சார் இப்ப. இல்லாத தீர்ப்புல உங்க பேர் எப்படி இருக்கும்?”

“படித்தவர்கள் மனத்தில் இருக்கிறது.”

“மனசுக்கெல்லாம் செட் அசைட் மனு கிடையாது சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த கோர்ட்டுக்கு ஓடினார். ஓடினார் என்பதை மிகையாகச் சொல்லவில்லை. கறுப்பு அங்கி பின்னால் பறக்கத் தாழ்வாரத்தில் ஓடுகிற அந்த உருவத்தைத்தான் இன்றும் நினைவு வைத்திருக்கிறேன்.

நீக்க உத்தரவை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போவதாகத் தொலைபேசியில் சொன்னேன். “ஒட்டாதீங்க சார். உங்க கட்டடத்துல ஒட்டினது எது நின்னுச்சு?” என்றார். நான் ஒட்டினேன். ஒரு பக்கமும் நிரம்பாத அந்தக் காகிதத்தின் முன் ஒருவரும் நிற்கவில்லை.

அவர் வேலையை நான் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் கருத வேண்டாம். அதன் அருமையை நான் ஒருநாள் நேரில் கண்டேன். அடையாறில் தையற்கடை வைத்திருந்த ஒரு பெண். கணவன் அவளுடைய பழைய முகவரியைக் கொடுத்து, அவளுக்குத் தெரியாமலே விவாகரத்துப் பெற்றுவிட்டான். அவன் வேறு பெண் பார்க்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவளுக்குச் சேதியே தெரிந்தது. அம்மையார் அந்தத் தீர்ப்பையும் நீக்கிவிட்டிருந்தார். அன்று அவள் இனிப்புப் பெட்டியோடு வந்து, அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இப்ப நான் யாரு மேடம்?”

“நேத்து வரைக்கும் விவாகரத்து ஆனவ. இன்னைக்கு மறுபடி அவன் பொண்டாட்டி.”

“எனக்கு அந்த ஆளோட வாழவே வேணாம் மேடம்.”

“வேணாம்னா நீ போய் வேணாம்னு சொல்லும்மா. அவன் சொல்லி நீ வெளிய வரக் கூடாது. இனிமே உன்னைக் கேக்காம யாரும் ஒண்ணும் எழுத முடியாது.”

“நான் அவனை அடிச்சேன்னு எழுதியிருந்துதாமே?”

“இருந்துது. இப்ப இல்ல.”

அந்தப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. அழுது, பெட்டியைத் திறந்து, எனக்கும் ஓர் இனிப்பைக் கொடுத்தாள். நானும் மறுக்காமல் தின்றேன். ஆனால் அவள் அடித்தாளா இல்லையா என்று அம்மையார் கேட்கவில்லை என்பதையும் நான் கவனித்தேன். அவள் அடிக்கவில்லை என்று சொல்லக் காத்திருந்தாள். கேட்பார் இல்லாமல் படியிறங்கிப் போனாள்.

எனக்கு அது போதவில்லை. தீர்ப்பு நீங்கியதால் வழக்கு உயிர்பெற்றுவிட்டது. இனி என் தரப்பைச் சொல்லி, பூட்டியது நேர்மையாகத்தான் என்று அதே நீதிமன்றத்தின் கையால் எழுதி வாங்கிவிடலாம் என்று உறுதிகொண்டேன். குழுவின் முடிவு, தொட்டியின் மூடி, குழந்தையின் பெற்றோர் சொன்னது, என் பூந்தொட்டிகளின் வரலாறு எல்லாவற்றையும் நாற்பது பக்கங்களில் கைப்பட எழுதி அவரிடம் கொடுத்தேன். அவர் அதிலும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். நீதிமன்றத்தில் தாக்கல் செய்த எதிருரையில், ஏழெட்டு வரிகளைத் தவிர மற்றெல்லா இடத்திலும் “மறுக்கப்படுகிறது” என்ற ஒரு சொல்லே இருந்தது.

“என் நாற்பது பக்கம்?”

“விசாரணையில சொல்லலாம் சார். கூண்டுல ஏறி நின்னு சொல்லுங்க. நானே கேள்வி கேக்கறேன்.”

அந்த வாக்குறுதியை நம்பி நான் ஓராண்டுக்கு மேல் வாய்தா வாய்தாவாகப் பாரிமுனை நீதிமன்றத்துக்குப் போய் வந்தேன். பேருந்தில் மனத்துக்குள் சாட்சி சொல்லிப் பார்ப்பேன். அதற்குள் ஜவுளிக்கடைக்காரர் எங்கள் கட்டடத்து வீட்டை விற்றுவிட்டு, கோபாலபுரத்தில் தனி வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். சொந்த மொட்டை மாடி உள்ள வீடு. பிறகு ஒரு வாய்தாவில் அவருடைய வக்கீல் எழுந்து, வாதி இந்த வழக்கைத் தொடர விரும்பவில்லை, திரும்பப் பெற்றுக்கொள்கிறார் என்றார்.

நீதிபதி எங்கள் பக்கம் பார்த்தார். அம்மையார் திரும்பி, பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று, தெளிவாக. அவர் நீதிபதியிடம் திரும்பி, “ஆட்சேபணை இல்லை” என்றார்.

நான் எழுந்து நின்றேன். கல்லூரியில் அத்தனை ஆண்டுகள் நின்று பேசியவன். குரல் தானாகவே எழும்பியது. “எனக்கு ஆட்சேபணை இருக்கிறது.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?”

“தீர்ப்பு வேண்டும்.”

“உங்க மேல இப்ப கேஸே இல்லையே. எதுக்குத் தீர்ப்பு?”

“என் மேல் என்ன குற்றம் சொன்னார்களோ அது பொய் என்று தீர்ப்பு.”

“அதுக்கு யாராவது கேக்கணும் ஐயா. கேட்டவரே வேணாம்னுட்டார். உக்காருங்க.” அடுத்த வழக்கை அழைத்துவிட்டார்கள்.

தாழ்வாரத்தில் அம்மையாரிடம் நான் பேசியது நாகரிகமாக இருந்திருக்காது. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். “வாதி வாபஸ் வாங்கறதைத் தடுக்க முடியாது சார். ஆட்சேபிச்சிருந்தாலும் இதேதான்” என்றார். “ஆட்சேபித்தாவது இருக்கலாம்” என்றேன். “இருக்கலாம்தான்” என்று ஒப்புக்கொண்டார். அவர் எதையாவது ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அன்று அவர் ஓடவில்லை. நான்தான் முதலில் நடந்தேன்.

சில ஆண்டுகள் தொடர்பு இல்லை. முழங்கால் வலியால் அவர் தொழிலை விட்டுவிட்டதாகவும், பாலவாக்கத்தில் தங்கையோடு இருப்பதாகவும் என் மாணவன் சொன்னான். தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு போனேன். அதற்காகவேதான் போனேன், மறைக்க ஒன்றுமில்லை. கடற்காற்றில் தாள்கள் பறக்கும் வராந்தாவில் என்னை உட்காரவைத்து நன்னாரி சர்பத் கொடுத்தார். இளைத்திருந்தார். அங்கி இல்லாமல் அவர் யாரோபோல் இருந்தார்.

“இப்போது நீங்கள் வக்கீல் இல்லை. சாய்ந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. படிக்க வேண்டும்” என்றேன்.

மறுக்கவில்லை. கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, முதல் பக்கத்திலிருந்து, ஒரு தாளையும் தாண்டாமல் படித்தார். ஏழாம் பத்தியில் விரலை வைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் படித்ததை நான் பார்த்தேன்.

“நல்லா எழுதியிருக்கார் சார்.”

“அத்தனையும் பொய், அம்மா.”

“பொய்யோ மெய்யோ, நல்லா எழுதியிருக்கார். எதிர்ல ஆள் இல்லேன்னா எந்தத் தீர்ப்பும் நல்லாத்தான் வரும். நடுவுல தடுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதே.”

நான் என் தரப்பைச் சொன்னேன். குழந்தை, மூடி, குழுவின் முடிவு, பூந்தொட்டிகள். முதல்முறையாக அவர் கையை உயர்த்தவில்லை. முழுவதும் கேட்டார். “சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருந்துதா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆம் என்றேன். சர்பத் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“சரி. இப்போது சொல்லுங்கள். அந்த நீதிபதியின் நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் என்ன தீர்ப்பு எழுதியிருப்பீர்கள்?”

“அவர் வந்திருக்காரா சார்?”

“யார்?”

“ஜவுளிக்கடைக்காரர்.”

“அவர் எதற்கு வர வேண்டும்? நீங்களும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம்.”

“அவரைக் கேக்காம நான் எப்படி சார் சொல்றது? இன்னைக்கு நீங்க நல்லவர்னு சொல்லிடுவேன். நாளைக்கு அவர் வந்து இதே சேர்ல உக்காந்துக்கிட்டு, என்னைக் கேட்டியாம்பார். நான் என்ன பதில் சொல்லுவேன்?” தாள்களை ஒழுங்காக அடுக்கி உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். “அவரை ஒருநாள் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் வெச்சுக் கேக்கறேன். உண்மையா.”

கூட்டிக்கொண்டு வருவதற்கு ஜவுளிக்கடைக்காரர் உயிரோடு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடைபெற்று வந்துவிட்டேன்.

எங்கள் கட்டடத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள், மாடி வழக்கில் ஜெயித்தவர் என்று என்னைக் காட்டிச் சொல்கிறார்களாம். அந்தத் தி. நகர் ஜவுளிக்கடையில், பேராசிரியர் பணிந்து வந்ததால் விட்டுக்கொடுத்தோம் என்று சொல்கிறார்களாம். கல்லூரியின் பழைய மாணவர் கூட்டத்தில் ஒருவர், எங்கள் பேராசிரியர் நேர்மையானவர் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று ஒலிபெருக்கியில் பேசினார். நான் ஜெயிக்கவில்லை. பணியவும் இல்லை. எந்த நீதிமன்றமும் என்னைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. அந்த வழக்கு விசாரிக்கப்படவே இல்லை.